நாளைக்கென்று விட்டுவைத்தது



பெரியதாழையில் பிறந்து, படிப்பை முடித்து, கடலோடு ஒட்டியிருப்பதா கரையேறிப் போவதா என்ற யோசனையில் நிற்கும் என் தம்பி தங்கைமார் யாவருக்கும்,

'இந்த ஊர்ல நாளைக்கு என்ன இருக்கு?' என்று நீங்கள் கேட்பது, வலை பொத்தும் நிழலிலும் பேருந்து நிற்கும் இடத்திலும் கோயில் வாசலிலும் என் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. கேட்பதில் தவறு ஒன்றுமில்லை. விடியுமுன் தள்ளிய வள்ளம் எண்ணெய்ச் செலவுக்குக்கூட மீன் இல்லாமல் திரும்பும் நாட்களை உங்கள் தகப்பன்மாரோடு நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். கரையோரத்து அலையில் அகப்பட்டு வள்ளம் உடைந்துபோன வீட்டின் கடன் எந்தப் பாடு படுத்தும் என்பதும் உங்களுக்குத் தெரியும். 'இந்தத் தொழில் எங்களோடு போகட்டும், நீயாவது கப்பலுக்கோ கம்பெனிக்கோ போய்ப் பிழைத்துக்கொள்' என்று பெற்ற தாயே சொல்லும்போது, அதை மீறி உங்களை இங்கே இருக்கச் சொல்ல எவருக்கும் அதிகாரம் இல்லை. ஆகையால் போகிறவரைத் தடுப்பதற்கோ இருக்கிறவரைப் புகழ்வதற்கோ இந்த மடலை நான் எழுதவில்லை. நாளை என்பது எங்கோ ஓரிடத்தில் ஆயத்தமாகி நமக்காகக் காத்திருக்கிறது, நாம் போய்ச் சேர்வதுதான் பாக்கி என்ற எண்ணம் உங்கள் பேச்சில் நெடுக ஓடுகிறதே, அந்த எண்ணத்தோடுதான் எனக்கு வழக்கு. இந்தக் கரையின் நீண்ட அனுபவத்தை நான் கேட்டும் படித்தும் பார்த்தும் அறிந்த மட்டில், இன்றைக்கு எடுக்கக்கூடியதில் எவ்வளவை எடுக்காமல் விட்டுவைத்தார்களோ அவ்வளவுதான் இங்கே நாளை என்று ஒன்று மிஞ்சி வந்திருக்கிறது.

முத்துக்குளித்துறை என்று தேசாந்திரங்களெல்லாம் நம்மை அழைத்தன. ஆனால் முத்துக்குளித்தலைக் கண்ணால் கண்ட நினைவுள்ளவர்கள் இன்று எழுபது வயதை ஒட்டியோ கடந்தோ இருக்கிறார்கள். உங்களுக்கு அது பாடப்புத்தகத்துச் செய்தி. தூத்துக்குடிக்கும் காயலுக்கும் நேரே, ஏறக்குறைய பத்துப் பாகம் ஆழத்தில், தொள்ளாயிரம் பார் முதலிய கற்பார்கள் கிடக்கின்றன. சிப்பிக் குஞ்சு அந்தப் பாறையில் தன் நாரால் ஒட்டிக்கொண்டு வளர்கிறது. மூன்றாம் நான்காம் ஆண்டிலேதான் அதனுள் இருக்கும் முத்து விலைபெறும் அளவுக்கு வருகிறது. அதற்கு மேல் ஓரிரு ஆண்டு கடந்துவிட்டாலோ சிப்பி தானாகவே செத்து வாய்பிளக்க, முத்து மணலோடு மணலாய்ப் போய்விடுகிறது. முந்தினாலும் நஷ்டம், பிந்தினாலும் நஷ்டம். ஆகையினால்தான் ஆண்டுதோறும் ஆட்களை அனுப்பிப் பாரைச் சோதித்து, மாதிரிக்குக் கொஞ்சம் சிப்பியை எடுத்து அறுத்து, கிடைத்த முத்தை வியாபாரிகளைக் கொண்டு மதிப்பிட்டு, பலன் உண்டு என்று நிச்சயமான பிறகே 'இவ்வாண்டு குளிப்பு' என்று பறைசாற்றினார்கள். பார் வெறுமையாய்க் கிடந்து பத்து ஆண்டு, இருபது ஆண்டு, அதற்கு மேலும்கூடக் குளிப்பே நடவாத காலங்கள் உண்டு. அந்தக் காலமெல்லாம் நம் முன்னோர் மீனுக்கும் சங்குக்கும் போய் ஜீவனம் நடத்தினார்களே தவிர, முற்றாத சிப்பியை வாரிக்கொண்டு வந்து கரையில் குவிக்கவில்லை. அரசாங்கத்தின் கட்டுக்காவல் அதற்கு ஒரு காரணம்தான். ஆனாலும் காவலுக்கு அஞ்சி மட்டும் ஒரு கடல் முழுவதும் காக்கப்படாது என்பது கடலறிந்த எவருக்கும் தெரியும்.

காத்திராதவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதையும் அதே மன்னார்க் கடலிலேயே பார்க்கலாம். 1905-ஆம் ஆண்டு இலங்கைப் பக்கத்தில், மரிச்சுக்கட்டிக் கரையில் கூடாரமிட்டு நடந்த குளிப்பில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அந்தச் செல்வத்தைக் கண்டு மனம் பறிகொடுத்த லண்டன் முதலாளிகள் ஒரு கம்பெனி கூட்டி, மறு ஆண்டே பார்கள் அத்தனையையும் இருபது ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தார்கள். இருபது ஆண்டுக்கு நாளையை எழுதி வாங்கிவிட்டதாகத்தான் அவர்கள் எண்ணியிருக்கவேண்டும். 1907-க்குப் பிறகு பாரில் சிப்பி இல்லை. சில ஆண்டுகளில் கம்பெனி கலைந்தது. 1925 வரையில் அங்கே மறு குளிப்பு நடக்கவில்லை. பத்திரத்தில் எழுதி முத்திரையிட்ட நாளை, கடலடியில் இல்லாமற்போயிற்று.

நம் பக்கத்தில் 1955 தொடங்கி 1961 முடிய வரிசையாகக் குளிப்பு நடந்தது. அதற்குப் பிறகு இல்லை. 1973-இல் தூத்துக்குடியில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகள் சிப்பிக்குள் கருவைப் பதித்து முத்து வளர்க்கும் வித்தையில் வெற்றி கண்டார்கள். அது போற்றத்தக்க காரியம். பாருக்குப் போய் மூழ்கி எடுக்கும் குளிப்பு மட்டும் திரும்பவே இல்லை.

அந்தக் குளிப்பில் ஒரு வழக்கம் இருந்தது. அதை உங்களுக்குச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. குளியாளி காலைக் கல்லில் வைத்து, மூச்சை அடக்கி, கயிற்றைப் பிடித்து இறங்குவான். மேலே வள்ளத்தில் நின்று கயிற்றைக் காக்கிறவனுக்கு மண்டக்கு என்று பெயர். ஒரு நிமிஷம், சில சமயம் அதற்குச் சற்று மேல், அவ்வளவுதான் கீழே இருப்பவனின் ஆயுள்; கயிறு அசையும் குறிப்பறிந்து மேலே இருப்பவன் இழுத்தால்தான் அவனுக்கு அடுத்த மூச்சு. தங்கையின் தாலி தன் கையில் இருக்கிறது என்ற நினைவு நீங்காதாகையால், மச்சானை நம்பியே கயிற்றைக் கொடுப்பார்கள் என்று இந்தக் கரையெங்கும் சொல்வார்கள். கீழே இருப்பவன் முத்தை நினைக்கலாம். மேலே இருப்பவன் ஆளை நினைக்கவேண்டும். முக்கியமானது எது என்று யாராவது என்னைக் கேட்டால், சாஸ்திரங்களைப் புரட்டாமல் நான் காட்டக்கூடிய இடம் அந்தக் கயிற்றின் மேல்முனைதான்.

சங்குக்கும் ஒரு நியாயம் உண்டு. வங்காளத்துப் பெண்களின் வளையலுக்காக இங்கிருந்து மூட்டை மூட்டையாகப் போகும் சங்கில், விட்டம் 2¼ அங்குலத்துக்குக் குறைந்ததைத் திரும்பக் கடலிலேயே இட்டுவிடவேண்டும் என்பது பழைய சென்னை அரசாங்கத்தின் நாளிலிருந்து வந்த விதி. விதி யாரோ போட்டது. அதைக் கையால் நிறைவேற்றியவன் குளியாளி. நாள் முழுதும் மூழ்கி எழுந்து, கண் சிவந்து, காதடைத்து, விரல் நுனியெல்லாம் தோல் சுருங்கியிருக்கும் ஒரு மனிதன், தன் உழைப்பால் எடுத்த சிறு சங்கை அளவில் வைத்துப் பார்த்து, அது துவாரத்தில் நழுவி விழுந்தால் விளிம்புக்கு அப்பால் எறிகிறான். அவன் எறிகிற அந்தச் சங்கு வளர்ந்து அவன் கையிலேயே வந்து சேரும் என்பதற்கு ஒரு பிரமாணமும் இல்லை. வேறு வள்ளத்துக்காரன் எடுப்பான். அல்லது இன்னும் பிறவாத ஒருவன் எடுப்பான். இன்று சுருக்குமடியும் சிறுகண்ணி வலையும் குஞ்சுமீனை எருவுக்கென்று வாரிக் கொட்டும் காலத்தில் அந்த எறிதலை நினைக்கையில், நாம் எவ்வளவு பெரிய ஞானத்தைச் சில்லறைக்கு மாற்றிக்கொண்டோம் என்று என் நெஞ்சு பொறுக்கவில்லை.

நம் ஊர் மணலிலேயே தினந்தோறும் நடப்பதைப் பாருங்கள். வள்ளம் கரையேறி, ஏலம் முடிந்து, எண்ணெய்ச் செலவு போக மீந்ததை வள்ளத்துக்கு, வலைக்கு, எஞ்சினுக்கு, ஆளுக்கு என்று பங்கு பிரிக்கிறோம். கோயிலுக்கும் ஒரு பங்கு உண்டு. கணக்கில் வராத ஒன்றும் நடக்கிறது. ஏலக்காரரும் வியாபாரியும் பேசிக்கொண்டிருக்கும்போதே, புருஷனைக் கடலுக்குக் கொடுத்துவிட்ட ஒரு கிழவி பனையோலைப் பெட்டியோடு வந்து சற்றுத் தள்ளி நிற்பாள், கேட்கமாட்டாள். சாளைச் செதில் ஒட்டிய கையால் ஒரு பையன் தன் கறிமீனிலிருந்து நாலைந்தை எடுத்து, முகத்தை நிமிர்த்தாமலே அந்தப் பெட்டியில் போட்டுவிட்டு, வலையை உதறப் போய்விடுவான். அவனுக்கு அது தர்மம் என்று தோன்றுவதில்லை. 'குடுக்கணும்லா' என்பதற்கு மேல் காரணமும் சொல்லத் தெரியாது. நாளைக்குத் தன் தாயும் அப்படி நிற்கக்கூடும் என்ற அறிவு அவன் இரத்தத்தில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நம் ஊரில் எவரும் கடலுக்குப் போவதில்லை என்பதும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. ஆண்டவருக்கென்று ஒதுக்கிய நாள் அது. மீனுக்கும் அன்று ஓய்வு கிடைக்கிறது என்று நான் சேர்த்துச் சொன்னால் குருவானவர் கோபிக்கமாட்டார் என்று நம்புகிறேன்.

இன்னொரு விட்டுவைத்தலை நம்மில் பலர் மறந்தே போனோம். 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் இக்கரைக்கு வந்து, மணியடித்துச் சிறுவர்களைக் கூட்டி ஜெபம் சொல்லிக்கொடுத்த வரலாறு உங்களுக்குத் தெரியும். அவருக்குப் பின் வந்த அண்டிரிக் அடிகளார், அதாவது என்றிக் என்றீக்கஸ், தமிழைக் கற்று, நம் மக்களுக்காகத் தமிழாக்கிய தம்பிரான் வணக்கம் 1578-இல் கொல்லத்தில் தமிழெழுத்தில் அச்சேறிற்று. அடியார் வரலாறு 1586-இல் வெளிவந்தது. அந்த அச்சுவேலைக்கு இந்தக் கரையின் பரதவ மக்கள் பொருள் கொடுத்தார்கள். எழுத்தறிந்தவர் விரல்விட்டு எண்ணத்தக்கவராய் இருந்த ஒரு ஜனசமூகம், கலகத்துக்கும் கொள்ளைக்கும் பயந்து ஒரு தலைமுறைக்கு முன்புதான் கடலில் பாறைகளின் மேல் ஒளிந்திருந்த ஜனசமூகம், தாம் வாசிக்க முடியாத புஸ்தகத்துக்குப் பணம் கொடுத்தது. யாருக்காகக் கொடுத்தார்கள்? நீங்கள் இந்த மடலை வாசிக்கிறீர்கள்.

இப்போது நம் காலத்துக்கு வருகிறேன். கடல் நம் ஊரை அரிக்கிறது. அதைத் தடுக்க வேண்டுமென்று நாம் மனுக்கொடுத்தோம், மறியல் செய்தோம், தூண்டில் வளைவு என்னும் கல்தடுப்பும் வந்தது. கல்லின் பின்னால் வள்ளத்தை ஒதுக்க முடிகிறது. அது பெரிய உபகாரம். ஆனால் கச்சான் காலத்தில் ஒரு திசையிலும் வாடைக் காலத்தில் மறு திசையிலும் கரையோரமாக நடந்துபோகும் மணலைக் கல் நிறுத்திவைக்கிறது. ஒரு பக்கம் மேடிடும்போது மறுபக்கம் கரை குழிகிறது. நம் தெருவைக் காத்த கல் அடுத்த ஊரின் தெருவைத் தின்னுமானால், அவர்களும் கல் கேட்பார்கள். அதற்கடுத்த ஊரும் கேட்கும். ஊருக்கு ஊர் தனித்தனியே மனுக்கொடுக்கும் வழக்கத்தை நிறுத்தி, மணப்பாடு முதல் உவரி வரையில் ஒரே கரையாக நின்று பேசவேண்டும் என்பது என் அபிப்பிராயம். இதில் எனக்கு ஐயமே இல்லை.

தூத்துக்குடிக்கு எதிரே இருக்கும் வான் தீவை நினைத்துப் பாருங்கள். 1969-இல் 20 ஹெக்டேருக்குச் சற்று மேற்பட்டிருந்த தீவு, 2015 வாக்கில் 2 ஹெக்டேருக்கும் கீழே குறுகிவிட்டது. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்குமாக அதைச் சுற்றியிருந்த பவளக்கல்லைப் பல்லாண்டு வெட்டி எடுத்தோம். அலையைத் தாங்கிய அரண் போயிற்று, தீவும் கரைந்தது. பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள்ளேயே போய்விட்டன. பிறகு வான் தீவின் முன் செயற்கைத் திட்டுகளை இறக்கி மீதியைக் காக்கப் பாடுபடுகிறார்கள். தாது மணல் விஷயமும் இதைச் சேர்ந்ததே. 2013-இல் மாநில அரசு தடை விதிக்குமுன் கடற்கரையிலிருந்து லாரிகளில் போன மணல் திரும்பி வராது.

குலசேகரன்பட்டினம் காரியம் இவற்றைப்போல் அவ்வளவு எளிதாக ஒரு பக்கம் சாய்த்துச் சொல்லத்தக்கதன்று. 2024 பிப்ரவரி 28-ஆம் நாள் பிரதமர் அடிக்கல் நாட்டிய அந்த ராக்கெட் ஏவுதளம் நமக்குக் கூப்பிடு தூரம். சிறிய செயற்கைக்கோள்களைத் துருவப் பாதையில் செலுத்தும் ராக்கெட், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டால் இலங்கையைத் தவிர்க்க வளைந்து போகவேண்டியிருக்கிறது. வளைவதில் எரிபொருள் வீணாகி, சுமக்கும் எடை குறைகிறது. இங்கிருந்து நேரே தெற்கு நோக்கிப் போகலாம். இந்த மண்ணின் அமைப்பு அவ்விதம். நம் பிள்ளைகள் அங்கே எஞ்சினீயர்களாகப் போகவேண்டும் என்று நான் மனமார ஆசைப்படுகிறேன். ஆயினும் ராக்கெட் நேரே தெற்கு நோக்கிப் போகும் கடல், நாம் வலைவிடும் கடல். ஏவும் நாட்களில் கடல் மூடப்படும். அந்நாட்களின் கூலியை யார் தருவது, எத்தனை நாள் முன்னே சொல்வது, எந்தப் பாருக்குப் போகக்கூடாது, எதற்குப் போகலாம் என்பதையெல்லாம் இப்போதே எழுத்தில் பெற்றாகவேண்டும். தேசத்தின் நாளையும் நம் நாளையும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டுதான் இருக்கவேண்டும் என்பதில்லை. ஆனால் கேட்காதவனுடைய நாளை எப்போதும் மற்றவன் கணக்கிலே போய்ச் சேர்ந்துவிடுகிறது.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தபோது குமரிக் கரையில் எத்தனை தாய்மார் அலைவாயில் நின்றார்கள் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். காணாமற்போனவர் இறந்தவராகக் கொள்ளப்பட ஏழு ஆண்டு செல்லவேண்டும் என்பது சட்டத்தின் பொது விதி. நாளை வருவான், நாளை வருவான் என்று எண்ணி வாசலில் விளக்கை அணையாமல் வைத்திருந்தவளுக்கு, நாளை என்பது நமக்கெல்லாம் இருப்பதைப்போல் ஒரு தேதியாக இருக்கவில்லை. அவளுக்கு அப்போது எது தேவைப்பட்டது? பணம் தேவைதான்; அதைவிடவும், அவன் எந்தத் திசையில், எந்தப் பாருக்கு, எவ்வளவு தூரம் போயிருப்பான் என்று தேடுகிற கப்பலுக்குத் திட்டமாகச் சொல்லத் தெரிந்த ஒருவன் கரையில் தேவைப்பட்டான்.

என் விண்ணப்பத்தை இனிச் சொல்லிவிடுகிறேன். மணப்பாட்டுத் திருச்சிலுவைக் கோயிலின் குன்றையும், நம் கோயிலின் உச்சியையும், தேரியின் செம்மேட்டையும், பனைக்கூட்டத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கண்ணால் பொருத்தி, 'இதுதான் அந்தப் பார்' என்று வலையை இறக்கும் அறிவு நம் ஊரில் ஒருசில பெரியவர்களிடம் மட்டுமே எஞ்சியிருக்கிறது. கையில் ஜி.பி.எஸ். வந்தபிறகு அவர்களை யாரும் கேட்பதில்லை. பாரின் பெயர், எந்தக் காற்றில் எந்த நீரோட்டம், எந்த மாதத்தில் எங்கே எந்த மீன், எங்கே முட்டையிடும் காலத்தில் வலைவிடலாகாது, எந்த இடத்தில் எந்த ஆண்டு யார் வள்ளம் கவிழ்ந்தது என்பதையெல்லாம் அவர்கள் வாயிலிருந்து கேட்டு நோட்டில் எழுதவேண்டும். எழுதியதோடு உங்கள் ஜி.பி.எஸ். எண்ணையும் பக்கத்தில் குறிக்கவேண்டும். ஏவுதளத்து அதிகாரி 'நீங்கள் எந்த இடத்தில் தொழில் செய்கிறீர்கள்?' என்று கேட்கும் நாளில் எடுத்து வைக்க நமக்கு வேறு பட்டா கிடையாது.

கப்பலுக்குப் போகிறவர்களும் இதில் சேரலாம். விடுமுறைக்கு வந்திருக்கும்போது ஒரு பெரியவரிடம் ஒரு பாரைக் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால் போதும். தங்கைமாரே, கருவாட்டுக் காலத்தையும் விலையையும் கடனையும் உங்கள் பாட்டிமார் அளவு அறிந்தவர்கள் கிடையாது. அந்தப் பகுதியை நீங்கள்தான் எழுதவேண்டும், ஆண்களிடம் விட்டால் விட்டுப்போகும்.

வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும், வலை பொத்தும் கொட்டகையில் இருப்பேன். கோடு போட்ட நோட்டுகள் வாங்கி வைத்திருக்கிறேன். தெற்கே ஆழத்துக்குப் போய்வந்த மூத்தவர் ஒருவர் வந்து பேச ஒப்புக்கொண்டிருக்கிறார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், ஆகையால் கிட்ட உட்கார்ந்து, ஒருவர் பின் ஒருவராக, உரக்கக் கேளுங்கள். நம் கோயிலுக்கு நேரே முதலில் வரும் பாரிலிருந்து தொடங்குவோம்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்க்காரன்,
பெரியதாழை.